கிராபிக்ஸ் கார்டுக்குப் போட்ட சீட்டு

ஆதிகேசவன் என்ற பேரை அந்தப் பிள்ளைக்கு வைத்திருக்கிறார்கள் என்று நான் முதலில் கேட்டது தடுப்பூசி போடுகிற இடத்தில். அவன் அம்மா, எனக்கு அண்ணி முறை, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் பேர் கேட்டாள். அண்ணி வாயைத் திறக்கவில்லை.

"பேரு வச்சீங்களா இல்லியா?"

"வச்சாச்சு."

"அப்ப சொல்லேன்மா."

"சொல்லக்கூடாது. எங்க மாமனாரு பேரு."

"அப்ப மாமனாரு பேருன்னே எழுதிக்கட்டுமா?" என்று நர்ஸ் சிரித்தாள். வெளியே நின்ற அங்கமுத்து அண்ணன் காதில் அது விழுந்துவிட்டது. ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து, மீன் ஏலம் கூவுகிற குரலில் "ஆதிகேசவன்!" என்று ஒரு கத்து கத்தினார். பிள்ளை வீறிட்டது. ஊசி அதற்கப்புறம்தான் போட்டார்கள். அண்ணி சாகிறவரைக்கும் அவனைப் "பெரியவரே" என்றுதான் கூப்பிட்டாள்.

அங்கமுத்து அண்ணன் அம்மாவும் என் அம்மாவும் கூடப்பிறந்தவர்கள். அண்ணனுக்கு ஒரு தம்பி, நாகப்பன். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரே பிள்ளை. மூத்தவருக்கு ஆதிகேசவன், இளையவருக்குத் தேசிங்கு. ஏரிக்கரையில் இருக்கிற எங்கள் கோட்டைக்குப்பத்தில் பக்கத்துப் பக்கத்து வீடு. எந்தப் பிள்ளை எந்த வீட்டில் சாப்பிட்டது என்று கணக்கே கிடையாது.

ஆதிகேசவன் பத்தாவது முடித்து, ஐடிஐயில் கட்டடப் படம் வரைகிற படிப்புப் படித்தான். கையெழுத்தே அச்சு மாதிரி இருக்கும். படித்துவிட்டு வேலைக்குப் போகிற நேரத்தில் அண்ணனுக்குத் தோள்பட்டை இறங்கிப்போனது. வலை இழுக்க ஆள் இல்லை. சரி, கொஞ்ச நாளைக்கு என்று படகில் ஏறினான். அந்தக் கொஞ்ச நாள் அப்படியே நீண்டுபோனது. எளாவூர் பக்கத்திலிருந்து கோமளாவைக் கட்டினான். அவள் பேச்சில் பாதி தெலுங்கு. சிரித்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். எங்கள் ஏரியில் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. எந்த வீட்டுக்கு எந்த நாள், எந்த இடம் என்று ஊர் கூடி சீட்டுப் போட்டு எடுப்போம். அதற்குப் பாடு என்று பேர். நல்ல இடம் விழுந்தாலும் சீட்டு, சேற்றில் விழுந்தாலும் சீட்டு. யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. விழுந்த சீட்டை மாற்றக்கூடாது என்பது பெரியவர்கள் வாக்கு. ரகசியமாய் மாற்றிக்கொள்கிறவர்களும் உண்டு.

ஆதிகேசவன் ஒரு தடவை மாற்றினான். அவன் வீட்டுக்கு ஏரியில் முறை விழுந்த நாள் அது. கடலில் வஞ்சிரம் கூட்டமாய் வந்திருக்கிறது என்று பேச்சு அடிபட்டது. முறையை இன்னொரு வீட்டுக்காரனுக்குக் கொடுத்துவிட்டு, தேசிங்குவையும் கூட்டிக்கொண்டு முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போனான். ஏரியும் கடலும் சேருகிற அந்த வாயில் அலை ஒரே சீராய் வராது. படகு கவிழ்ந்தது. ஆதிகேசவன் ஒரு டீசல் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தப்பினான். தேசிங்கு லைட்ஹவுஸ் குப்பத்துக் கரையில் ஒதுங்கினான், உயிர் இல்லாமல்.

அதற்கப்புறம் ஆதிகேசவன் கால் படகில் ஏறவில்லை. வம்புக்குச் சொல்லவில்லை, என் கண்ணால் பார்த்தேன். கணுக்கால் அளவு தண்ணீருக்கு வந்ததும் முழங்கால் கடகடவென்று ஆடும். உதடு வெளுத்துவிடும். பூசாரி மந்திரித்தார், பெரிய ஆஸ்பத்திரியில் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். கரை வேலை செய்தான். கிழிந்த வலை பொத்தினான், ஐஸ் பெட்டி தூக்கினான். நாகப்பன் வீட்டு வாசலைத் தாண்டும்போது மட்டும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓசையில்லாமல் போவான். சித்தப்பாவும் அவனும் பேசிக்கொள்வதில்லை. நாகப்பன் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் கூடத் தேவலை.

அண்ணன் ஒரு கையை வைத்துக்கொண்டு கூலி ஆளோடு முறைக்குப் போய்க்கொண்டிருந்தார். போன வருஷம் மற்ற கையும் தூக்கவில்லை. ஊர் வழக்கப்படி முறைக்கு அந்த வீட்டு ஆம்பிளை ஒருத்தன் படகில் இருக்க வேண்டும். வெளியில் சம்பள வேலையில் இருக்கிறவன் தன் முறையைப் பங்காளிக்கு விடலாம். சும்மா கரையில் உட்கார்ந்திருக்கிறவன் விட முடியாது. அதை அடுத்து வந்த வளர்பிறையில் அண்ணன் வீட்டு முறை. ஒன்று, ஆதிகேசவனுக்கு அதற்குள் ஒரு வேலை கிடைக்க வேண்டும். இல்லையென்றால் அவன் படகில் ஏற வேண்டும், ஏறாவிட்டால் வீட்டுக்குப் பாடே போய்விடும்.

"நான் ஏற மாட்டேன் அத்தே," என்று என்னிடம் சொன்னான். "ஏறுனா திரும்பி வர மாட்டேன். எனக்குத் தெரியுது."

அப்போதுதான் சுரேஷ் பேச்சு வந்தது. ஐடிஐயில் கூடப் படித்தவன். சென்னையில் ஒரு ஆபீசில் வேலை. இன்னும் கட்டாத வீட்டைக் கட்டின மாதிரியே படம் போட்டுக் காட்டுகிற ஆபீஸ். "மச்சான், உனக்கு லைன் புடிக்கிற கை கீது. படம் போடறத போன்லயே அவ்வளோ கத்துக்கினு கீற. ஒரு மிஷின் மட்டும் ரெடி பண்ணு, வூட்லருந்தே வேலை செய்யலாம். மொதல்ல ஒரு மாதிரிப் படம் குடுப்பாங்க. அத முடிச்சுக் குடுத்துட்டீன்னா வேலை உனுக்கு," என்றான்.

கடையில் முழுசாக வாங்குகிற கம்ப்யூட்டர் கட்டுப்படியாகாது, நாமே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிக்கொள்ளலாம் என்று சுரேஷ்தான் வழி சொன்னான். கூட்டு வலை ஒன்றில் தனக்கிருந்த பங்கை விற்று, பெட்டி, போர்டு, கரண்ட் கொடுக்கிற சப்ளை, டிவி மாதிரி ஒரு திரை என்று ஒவ்வொன்றாக ஆதிகேசவன் கொண்டுவந்தான். வீட்டு மூலையில் பாயை விரித்துப் பரப்பி வைத்துக்கொண்டு பூட்டினான். திருகாணி ஒன்று உருண்டு அரிசிப் பானைக்கு அடியில் போய்விட்டது. கோமளா தேடி எடுத்து, "இன்னா மாமா, படகு எஞ்சினுக்கு இத்தினி போல்ட்டு இல்லியே!" என்றாள்.

கடைசியில் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. கிராபிக்ஸ் கார்டு.

அது என்ன என்று எனக்கும் விளங்கவில்லை. அவன் வலையை வைத்துச் சொன்னான். "வலைக்குப் பின்னால மடி கீது இல்ல அத்தே, மீன் வந்து சேர்ற பை? இதுக்கும் ஒரு மடி கீது. படம் முழுக்க அந்த மடிக்குள்ள அடங்கணும். அடங்கலைன்னா நின்னு பூடும்."

இரண்டு கார்டு கண்ணில் பட்டிருந்தது. ஒன்று சின்னது, புதுசு. கடையில் பில் போட்டுக் கொடுப்பார்கள், கெட்டுப்போனால் மாற்றித் தருவார்கள். ஆனால் மடி சின்னது. இன்னொன்று பெரிசு, பழசு. பெரம்பூரில் ஒருத்தர் தன் கம்ப்யூட்டரில் போட்டிருந்ததை விற்றுவிட்டு வெளிநாடு போகிறார். மடி இரண்டு பங்கு. ஆனால் கெட்டால் கெட்டதுதான். இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை. கையில் இருந்ததோ ஒன்றுக்குத்தான்.

இதில் எதை எடுப்பது என்பதில் அவன் படுத்துவிட்டான். நிஜமாகவே படுத்துவிட்டான். காலையில் சின்னது என்பான். மத்தியானம் சோறு போடும்போது, "படம் அடங்கலைன்னா?" என்பான். பெரிசு என்று முடிவு கட்டுவான். விளக்கு வைக்கிற நேரத்துக்கு, "ஊருக்கு வந்ததும் செத்துப்போச்சுன்னா?" என்பான். போனில் யார் யாரோ அந்தக் கார்டுகளைப் பற்றிப் பேசுகிற வீடியோவைப் பார்த்துப் பார்த்துக் கண் உள்ளே போய்விட்டது. ஒருத்தன் நல்லது என்பான், அடுத்தவன் வாங்காதே என்பான்.

"ஒரு சாமானுக்கா இந்தப் பேஜாரு?" என்று கோமளா கேட்டதற்கு அவன் சொன்ன பதில் எனக்கு இன்னும் நெஞ்சில் நிற்கிறது. "நான் எடுத்த முடிவுல ஒருத்தன் செத்துட்டான். இன்னொரு தபா என்னை முடிவு எடுக்கச் சொல்லாத."

அங்கமுத்து அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "அப்ப நீ எடுக்காத. சீட்டு எடுக்கட்டும்," என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. எங்கள் ஊரில் அது சிரிக்கிற விஷயம் இல்லை. சின்னது, பெரிசு என்று இரண்டு துண்டில் எழுதி, மடித்து, பித்தளைச் சொம்பில் போட்டார்கள். சீட்டைப் பங்கில்லாத கைதான் எடுக்க வேண்டும், அது முறை. வாசலில் கௌஸ் மைதீன் பாய் ஐஸ் வண்டியோடு போனார். அவரைக் கூப்பிட்டார்கள்.

"இன்னாத்துக்குன்னு சொல்லாம எடுன்றீங்களே, பொண்ணு கிண்ணு பாக்குறீங்களா?" என்றார் பாய்.

"பொண்ணு ஏற்கனவே இங்க கீறேன் பாய்," என்றாள் கோமளா.

"ரெண்டாவதுக்கோன்னு நெனச்சேன்." பாய் ஐஸ் ஈரத்தைக் கைலியில் துடைத்துக்கொண்டு, அல்லா பேரைச் சொல்லிக் கையை விட்டார். பெரிசு வந்தது.

அண்ணன் சொம்பைக் கவிழ்த்தார். "முடிஞ்சுது. இனி இதப் பத்திப் பேச்சு இல்ல."

ஆதிகேசவன் முகத்தில் ரத்தம் திரும்பி வந்ததைப் பார்த்தேன். அவன் அன்றைக்கு இரண்டு தட்டு சோறு தின்றான்.

சுரேஷும் அவனும் பெரம்பூர் போனார்கள். விற்கிறவர் நல்ல மனுஷர். தன் கம்ப்யூட்டரிலேயே ஓட விட்டுக் காட்டினார். எந்தக் குறையும் இல்லை. "நான் திங்கக்கிழமை கெளம்புறேன். ஞாயித்துக்கிழமை வரைக்கும் இங்கதான் இருப்பேன். எதாச்சும் சரியில்லன்னா கொண்டாந்துடுங்க, காசத் திருப்பித் தந்துடுறேன்," என்று தானாகவே சொன்னாராம். ஆதிகேசவன் அந்தக் கார்டைத் துண்டில் சுற்றி, பச்சைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்தான்.

பூட்டினான். திரை வந்தது. கோமளா கற்பூரம் காட்டினாள். ஆபீசிலிருந்து மாதிரிப் படத்துக்கான வேலை வந்திருந்தது. அடுக்குமாடி வீடு, முன்னால் தென்னை மரம், பக்கத்தில் நீச்சல் குளம். வீட்டை வரைந்தான், மரத்தை வைத்தான். நான் போய்ப் பார்த்தேன். ஜன்னல் கண்ணாடியில் வெயில் அடிக்கிற மாதிரியே இருந்தது. பிறகு குளத்தில் தண்ணீரை விட்டான். நிஜம் மாதிரி ஆக்கு என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லுகிற ஒரு பட்டன் இருக்கிறது. அதைத் தட்டினான். பெட்டிக்குள் இருந்த காத்தாடி எல்லாம் ஒரே நேரத்தில் இரைந்தது. டப் என்று எல்லாம் இருட்டாகிவிட்டது.

வீட்டில் கரண்ட் இருந்தது. பெட்டி மட்டும் செத்துக் கிடந்தது.

மறுபடி போட்டான். வந்தது. வீடு வந்தது, மரம் வந்தது. தண்ணீரைத் தொட்டதும் டப். மறுபடியும் தண்ணீர், மறுபடியும் டப்.

அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து சுவரோடு ஒட்டி நின்றான். "தண்ணி வந்தாத்தான் போவுது. பாத்தியா கோமளா? தண்ணி வந்தாத்தான்." அவன் முழங்கால் ஆடிற்று, ஏரியில் நின்ற மாதிரி. எனக்கும் பயம்தான், பொய் சொல்ல மாட்டேன். அன்றைக்கே குப்பத்தில் பேச்சு கிளம்பிவிட்டது. தேசிங்கு வந்து நிறுத்துகிறான் என்றாள் ஒருத்தி. அவள் வாயை அடக்க ஆள் இல்லை.

கோமளா போனை எடுத்து சுரேஷைக் கூப்பிட்டாள். அவன் கேள்வி மேல் கேள்வி கேட்டு, கடைசியில், "அய்யோ, சப்ளையப் பத்தி நான் கேக்கவே இல்லியே தங்கச்சி!" என்று தலையில் அடித்துக்கொண்டான். அவன் சொன்னது இதுதான். அந்தப் பெரிய கார்டு கரண்ட்டை அதிகமாய் இழுக்கும். ஆதிகேசவன் வாங்கி வைத்திருந்த சப்ளை சின்னது. லேசான வேலைக்குத் தாங்கும். தண்ணீர் மாதிரி கனமான வேலை வந்ததும் தாங்காமல் தானே நின்றுவிடும். பெரம்பூர்க்காரர் வீட்டில் சப்ளை பெரிசு, அதனால் அங்கே ஓடியது. "பெரிய சப்ளை வாங்கணும், இல்ல கார்ட மாத்தணும். சப்ளைக்குக் காசு இல்லைன்றீங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள குடுத்துட்டு சின்னத வாங்கிக்கலாம். நான் கூட வர்றேன். ஜல்தி முடிவு சொல்லுங்க."

பாருங்கள், சீட்டுப் போட்டபோது அங்கே பத்துப் பேர் நின்றோம். இந்தக் கார்டைப் பெட்டி தாங்குமா என்று ஒருத்தர் வாயிலும் வரவில்லை. சீட்டு விழுந்தால் கேள்வி கேட்டுப் பழக்கமில்லை எங்களுக்கு.

"மாத்திக்கலாம் மாமா," என்றாள் கோமளா.

"சீட்டு விழுந்தத மாத்த மாட்டேன்."

"இது ஏரி இல்ல மாமா. டப்பா."

"அன்னிக்கும் ஒண்ணும் ஆவாதுன்னுதான் மாத்துனேன்."

அங்கமுத்து அண்ணன் நடுவில் வந்தார். "சொம்புல போட்டு எடுத்தது எடுத்ததுதான். இந்த வூட்ல இன்னொரு தபா சீட்ட மாத்துனா நான் இங்க கை நனைக்க மாட்டேன்."

"அப்ப வளர்பிறைக்கு உங்க புள்ளைய படகுல ஏத்துவீங்களா மாமா?"

அண்ணனுக்கும் பயம்தான். கை இரண்டும் போன மனுஷன், ஒரே பிள்ளை. வாசலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

கோமளா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "சின்னம்மா, கூட வாங்க," என்று என் கையைப் பிடித்தாள். நேராக நாகப்பன் வீட்டுக்குப் போனாள். அந்த வீட்டு வாசலில் அவள் கால் வைத்து இரண்டு வருஷம் இருக்கும். நாகப்பன் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். அவர்தான் சீட்டுப் போடும்போது ஊருக்காக சொம்பைப் பிடிக்கிறவர். நிமிர்ந்து பார்த்தார், மறுபடி குனிந்துகொண்டார்.

"சின்ன மாமா, ஒண்ணு கேக்கணும். பாடு எடுக்குறதுல பொம்பளைக்குப் பங்கு கீதா?"

"கெடையாது."

"எங்க ஊர்ல பாடே கெடையாது. அப்ப சீட்டு என்னைக் கட்டாது இல்ல?"

நாகப்பன் ஊசியை நிறுத்தினார். "இன்னாத்துக்குக் கேக்குற?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சொம்பு, பாய், பெரிய கார்டு, தண்ணீர் வந்ததும் இருட்டானது, தேசிங்கு பேரை ஊர் இழுத்தது, எல்லாம். அந்த வீட்டு வாசலில் தேசிங்கு பேரை யாரும் சொல்வதில்லை.

"சீட்ட மாத்துனதாலதான் நம்ம தேசிங்கு போனான்னு அவரு நெனைக்கிறாரு. நீங்களும் அப்படித்தான் நெனைக்கிறீங்களா சின்ன மாமா?"

நாகப்பன் வலைக் கண்ணை விரலால் விரித்து விரித்துப் பார்த்தார். "அன்னிக்கு அலை பெருசு," என்றார். "சீட்டுப்படி போன படகும் கவுந்திருக்கு அந்த வாயில. எங்கப்பன் காலத்துலயும் கவுந்திருக்கு." பிறகு குரல் மாறியது. "ஆனா மாத்துன்னு என் வாயால வராது. நான் சொம்பு புடிக்கிறவன். அவங்கிட்ட வந்து மன்னிச்சேன்னும் சொல்ல மாட்டேன். வரல எனக்கு."

"சொல்ல வேணாம்."

"நீ எந்தப் பக்கம் போறேன்னு நான் பாக்கல." வலையைத் தூக்கிக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோமளா அந்தக் கார்டைப் பெட்டியிலிருந்து தானே கழற்றினாள். எப்படிக் கழற்றுவது என்று சுரேஷ் போனில் சொல்லச் சொல்லச் செய்தாள். ஆதிகேசவன் பக்கத்திலேயே நின்றான். தடுக்கவும் இல்லை, தொடவும் இல்லை.

"பாவம் வந்தா?" என்றான்.

"பங்கில்லாத கை மாமா இது. பாவத்துலயும் பங்கில்ல," என்றாள். துண்டில் சுற்றிக் கட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். என்னைப் பார்த்து, "இவர உஷாரா பாத்துக்குங்க," என்று கண்ணால் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றைய பகல் முழுக்க நான் அந்த வீட்டில் இருந்தேன். ஒரு ஆளை பயம் தின்பதை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை. சோறு வைத்தேன், பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிட்டான். நிலைப்படிக்கு வருவான், ரோட்டைப் பார்ப்பான், உள்ளே போவான். ஆம்புலன்ஸ் சத்தம் எங்கோ கேட்டது. ஓடிவந்து என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"பஸ்ஸு தரை மேலதானே போவுது, ஏரி மேலயா போவுது?" என்றேன்.

"உசுர தண்ணியிலதான் எடுக்கணும்னு இன்னா கீது அத்தே? மாத்துனது நான். எடுத்துக்கினது தேசிங்குவ. என்னைத் தொடல. என் பக்கத்துல இருந்தவன எடுத்துது." மறுபடி ரோட்டைப் பார்த்தான். "இப்பயும் என்னைத் தொடாது. அவளத்தான் எடுக்கும்."

என்ன சொல்லித் தேற்றுவது? நான் எத்தனை சீட்டுப் பார்த்தவள், மாற்றினவர்கள் வீட்டில் நடந்த நல்லதும் கெட்டதும் எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் கெட்டது மட்டும்தான் ஞாபகம் வந்தது. கோமளாவுக்குப் போன் போட்டான். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. சுரேஷுக்குப் போட்டான், அது போகவே இல்லை. மறுபடி, மறுபடி. கடைசியில் போனைப் பாய்மேல் வைத்துவிட்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். வாசலில் அங்கமுத்து அண்ணன் உட்கார்ந்திருந்தார். அவரும் உள்ளே வரவில்லை, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவும் இல்லை.

பொழுது சாயும்போது கோமளா வந்தாள். தூரத்திலேயே அவள் குரல் கேட்டது. கருவாட்டுக் கூடை வைத்திருந்த யாரோ பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்ததைப் பற்றி யாரிடமோ சிரித்துச் சொல்லிக்கொண்டு வந்தாள். ஆதிகேசவன் எழுந்து ஓடவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே முகத்தை மூடிக்கொண்டு சத்தம் போட்டு அழுதான். தேசிங்கு சாவுக்குக்கூட அவன் அப்படி அழவில்லை.

"ஏன் போன எடுக்கல?" என்று நான்தான் திட்டினேன்.

"கடையில ஒரே கூட்டம் சின்னம்மா, சத்தத்துல கேக்கவே இல்ல. சுரேஷு அண்ணன் போன் செத்துப்போச்சு." பையிலிருந்து ஒரு புது அட்டைப் பெட்டியை எடுத்தாள். பெரம்பூர்க்காரர் ஒரு வார்த்தை கேட்காமல் காசைத் திருப்பித் தந்தாராம். சின்ன கார்டு, கைக்கு அடக்கமாக இருந்தது. மாமனார் முன்னால் போய் நின்றாள். "மாத்திட்டேன் மாமா," என்றாள்.

அண்ணன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு நடந்தார். சொன்ன சொல் தவறாத மனுஷன். கொஞ்ச நாளைக்கு என் வீட்டில்தான் சாப்பிட்டார். குழம்பில் உப்பு இல்லை என்று குறை வேறு.

சின்ன கார்டைப் பூட்டினார்கள். இந்தத் தடவை பெட்டி நிற்கவில்லை. ஆனால் ஆதிகேசவன் முதலில் பயந்தபடியே ஆனது. படம் மடிக்குள் அடங்கவில்லை. இடம் போதாது என்று திரையில் எழுத்து வந்து நின்றுவிட்டது. அவன் கையை எடுத்துவிட்டு பின்னால் சாய்ந்தான். நான் பயந்தேன், மறுபடி படுத்துவிடுவானோ என்று. சுரேஷ் போனில், "மொத்தமா போடாத மச்சான், பிரிச்சுப் போடு," என்றான். வீடு தனியாக, மரம் தனியாக, வானம் தனியாக. ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆக்கிவிட்டுக் கடைசியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தான். குளத்துத் தண்ணீரைக் கடைசிவரைக்கும் தள்ளிப்போட்டான். அந்தப் பட்டனைத் தட்டும்போது கோமளாவின் கையைப் பிடித்து, அவள் விரலால் தட்டவைத்தான்.

காத்தாடி இரைந்தது. தண்ணீர் மெதுவாக, ஒரு மூலையிலிருந்து கட்டம் கட்டமாக வந்தது. வெகுநேரம் வந்தது. இருட்டாகவில்லை.

படத்தை அனுப்பினான். ஆபீஸ்காரர்கள் தென்னை மரம் ரொம்ப வளைந்திருக்கிறது, நிமிர்த்து என்றார்கள். "எங்க ஊர் காத்துல தென்ன அப்படித்தான் நிக்கும்," என்று முணுமுணுத்துக்கொண்டே நிமிர்த்திக் கொடுத்தான். வேலை கிடைத்தது.

வளர்பிறை வந்தது. வெளிவேலையில் இருக்கிறவன் முறையைப் பங்காளிக்கு விடலாம் என்று சொன்னேன் இல்லையா? அங்கமுத்து அண்ணன் தம்பியிடம் போய்க் கேட்கக் கூசினார். கேட்கத் தேவைப்படவில்லை. முறை நாள் விடியும்போது நாகப்பன் வந்து, அண்ணன் வீட்டு வலையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு படகுக்குப் போனார். ஆதிகேசவன் நிலைப்படியில் நின்றிருந்தான். அவர் அவனைப் பார்க்கவில்லை. சொம்பு பிடிக்கிற தம்பியே வலையை எடுத்துவிட்டான் என்று அந்த வாரமே அண்ணன் மறுபடி மகன் வீட்டில் சாப்பிட ஆரம்பித்தார்.

பயம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. கோமளா ஏரிக்கரைக்கு இறால் வாங்கப் போனால் கூட, அவள் திரும்புகிறவரைக்கும் அவனால் அந்தத் திரையைப் பார்க்க முடியாது. சித்தப்பாவும் அவனும் இன்னும் பேசிக்கொள்வதில்லை.

ஆதிகேசவன் இப்போது கோட்டைக்குப்பத்தில் அதே வீட்டில்தான் இருக்கிறான். காலையிலிருந்து சாயங்காலம் வரை மூலையில் உட்கார்ந்து சென்னை ஆபீசுக்கு வீட்டுப் படம் போடுகிறான். படகில் ஏறுவதில்லை.